பதிமூன்று செப்புக்காசு

இரவு பதினொன்றரை வாக்கில் சுவர் தட்டப்படும்.
டொக். டொக்டொக்.
அடுத்த அறைக்காரர். தபால்பெட்டியில்
நிஷிஉரா என்று ஒட்டியிருக்கிறது.
முகம் பார்த்ததில்லை,
விரல்முட்டியை மட்டும் தெரியும்.

தவறு என்னுடையதில்லை.
இந்தப் பத்தங்குல மடிக்கணினியுடையது.
வயது இருபத்திரண்டு.

நகரமன்றக் கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு
எழுத்தாக்கித் தருவது என் பிழைப்பு.
நிறுத்த, பின்னால் ஓட்ட
காலால் மிதிக்கும் கட்டை ஒன்றுண்டு.
இதன் பழைய துளைக்குள்தான் அது நுழையும்.
புதிய கணினிகள் அதைப் பார்த்து
நீ யார் என்கின்றன.

சின்ன உடம்புக்குள் பெரிய கொதிப்பு.
உறுப்பினர் ஒருவர் வடிகால் வரியைப் பற்றி
வாயைத் திறப்பதற்குள்
உள்ளே காற்றாடி ஊளையிட ஆரம்பிக்கும்.
ஆம் என்றாரா, இருமினாரா?
மிதிக்கிறேன், பின்னால் ஓட்டுகிறேன்,
அதற்குள் டொக். டொக்டொக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன்.
பதினோரு திருகாணிகள், குட்டையானவை மூன்று.
காற்று வெளியேறும் கம்பிகளுக்கிடையில்
கம்பளித் துண்டு போலத் தூசி,
அதில் பழுப்பு நிறப் பூனைமயிர்.
நான் பூனை வளர்த்ததேயில்லை.
நிப்பொன்பாஷியில் செகண்ட் ஹேண்டாக வாங்கியபோது
கடைக்காரர் பூனைக்கென்று தனியாக விலை சொல்லவில்லை.

சில்லின் மேல் பசை சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது.
சுரண்டி, துடைத்து,
அரிசியளவு புதிய பசை.
காற்றாடியின் அச்சுக்குத்
தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

ஐந்து நாள் நிம்மதி.

பிறகு, சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தேன்.
மின்னழுத்தம் ஒன்று புள்ளி மூன்று நான்கு.
கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.
ஒன்று புள்ளி ஒன்றில் முணுமுணுக்காமல் உழைத்தது.
இன்னும் ஒரு படி இறக்கலாமே என்று கை நீண்டது.
நீலத்திரை.
நிதிக்குழுத் தலைவர் பாதிச் சொல்லோடு போய்விட்டார்.
இதற்குமேல் முடியாது என்பதை
மயங்கி விழுந்துதான் சொல்லத் தெரிகிறது சிலவற்றுக்கு.
மன்னிப்புக் கேட்டு ஒரு படி ஏற்றினேன்.

அப்போதும் சூடு எங்காவது போயாக வேண்டும்.
இடது மணிக்கட்டுக்கு அடியில் சுடுகிற இடத்தில்
பத்து யென் காசுகளைப் பரப்பினேன்,
கோயில் பொறித்த பக்கம் மேலே.
மொத்தம் பதிமூன்று.
செம்பு சூட்டை உறிஞ்சும், மெல்ல விடும்.
காற்றாடி ஒரு பெருமூச்சோடு படுத்தது.
நூற்றுமுப்பது யென்னுக்கு
இதைவிட மலிவான அமைதி ஒசாகாவில் கிடைக்காது.
சுவரும் பேசாமல் இருந்தது.

ஜனவரியில் ஓர் இரவு. குளிர் எலும்பைத் தொட்டது.
கீழே தெருமுனை இயந்திரத்தில்
டின்னில் அடைத்த சோளசூப், சூடாக, நூற்றுமுப்பது.
வேறு சில்லறை இல்லை.
கணினியை மூடி
காசுகளை அப்படியே அள்ளிக்கொண்டு இறங்கினேன்,
உள்ளங்கையில் நகரமன்றத்தின் வெப்பம்.

இயந்திரத்தின் முன் ஒரு மனிதர்.
காலில் குளியலறைச் செருப்பு.
நூறு போட்டுவிட்டார், முப்பது குறைகிறது.
பைகளையெல்லாம் துழாவிவிட்டு
அந்தக் கண்ணாடியை முட்டியால் தட்டினார்.
டொக். டொக்டொக்.

மூன்று காசுகளை நீட்டினேன்.
“சுடுகிறதே” என்றார்.
நான் தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?
அவர் அந்த மூன்றையும் உடனே போட்டுவிடவில்லை.
சற்று நேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

இப்போது எனக்கு முப்பது குறைந்தது.
சூப் இல்லாமலே படியேறினேன்.
ஜன்னல் வழியே பார்த்தால்
விளக்குக்கடியில் நின்று, டின்னை ஊதி ஊதி,
அவசரமே இல்லாமல் குடித்துக்கொண்டிருக்கிறார்.

கணினியைத் திறந்தேன்.
காசுகள் கோட்டுப் பையிலேயே கிடக்கட்டும்.
காற்றாடியை அதன் இஷ்டத்துக்கு விட்டேன்,
முழு வேகம், முழு ஊளை.
அவர் மேலே வருவதற்குள்
இரண்டு பக்கம் முடித்துவிட்டேன்.