மேகமூட்டம்

திருமணமான மூன்றாம் நாள்
வரேனா மருத்துவமனையில்
என் அறைக்கு வந்தாள் ரிங்காய்லே.
நெற்றியைச் சுற்றிக் கொப்புளங்கள்,
காதிலிருந்து காதுவரை,
பழுக்கக் காய்ச்சிய கரண்டிக் காம்பால்
யாரோ கோடு இழுத்ததுபோல.
விரலிடுக்கிலும் இருந்தன.
கூடவே மாமியார் கெனொவைதே,
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு,
சாட்சி சொல்ல வந்தவளின் நிமிர்வோடு.

"எதைத் தொட்டாய்?"
"அருவதா."

இந்த நாட்டில் சன்னலுக்குக் கீழே
அருவதாப் பாத்தி இருந்தால்
வீட்டில் மணமாகாத பெண் இருக்கிறாள் என்று பொருள்.
பனிக்குள்ளும் பச்சை மாறாத இலை.
கன்னிக்கு அதுவே மாலை, அதுவே சான்றிதழ்.
கல்யாண ராத்திரி பன்னிரண்டு அடித்ததும்
மாலையைக் கழற்றித் தீயில் போட்டுத்
தலைக்குத் துணி கட்டிவிடுவார்கள்.

இவளுக்குத் தீ முன்கூட்டியே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஸோஃபியாவின் பாத்தியில்
இருட்டோடு இருட்டாக இரண்டு கைப்பிடி பறித்தாளாம்.
கேட்டு வாங்கினால் வாடும், திருடினால் தழைக்கும்.
ஸோஃபியாவும் திரைக்குப் பின்னால் நின்று
பார்த்தும் பாராமல் இருந்திருப்பாள்,
அதுவும் முறைதான்.
கிள்ளிக் கிள்ளித் தானே பின்னினாள்.
சாறு விரலில். சாறு நெற்றியில்.
நீலம் பூத்த ஆளி வயலின் நடுவே
படக்காரன் அவளை உச்சிவெயிலில்
இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தான்.

மாமியார் தொண்டையைச் செருமினாள்.
"சுத்தமான பெண்ணை அருவதா சுடாது, டாக்டர்."

ஊர் என்னதான் சொல்லவில்லை.
பாம்போடு மல்லுக்குப் போகும் மரநாய்
முதலில் இதைத்தான் மெல்லுமாம்.
மங்கிய கண்ணுக்கு இதன் கஷாயம்.
வாசலில் தொங்கினால் கண்ணேறு அண்டாது,
கம்பளிப் பெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சி.
வயிற்று வலிக்கு
வோட்காவில் ஊறிய ஒரு தண்டு;
என் அப்பா அதை முழுமனதாக நம்பினார்,
வயிறு வலிக்காத நாள்களிலும்.

இன்னொன்று உண்டு,
யாரும் உரக்கச் சொல்லாதது.
நாள் தள்ளிப்போன பெண்கள்
பின்வாசலில் வந்து கேட்டதும்
இந்த இலையைத்தான்.
சிலர் நடந்து வீடு திரும்பினார்கள்.
சிலர் திரும்பவில்லை.
மாலைக்கும் அதற்கும் ஒரே பாத்தி.
எதற்கு என்று செடி
எவளையும் கேட்டதில்லை.

"அம்மா, இந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால்
யார் தோலும் வேகும்.
பாதிரியார் தோலும் வேகும்.
கையை நீட்டுங்கள், சன்னலோரம் போய்ச்
சோதித்துவிடலாம்."

கெனொவைதேயின் கை
கைப்பைக்குள் கைக்குட்டை தேடப் போனது.
ரிங்காய்லே சிரிக்கப் பார்த்தாள்,
நெற்றி இழுத்தது, "ஆ" என்றாள்.

களிம்பு எழுதிக் கொடுத்தேன்.
வெளியே போனால் தொப்பி.
பழுப்புத் தழும்பு கொஞ்ச காலம் நிற்கும்.
"எவ்வளவு காலம்?"
"இலை உதிரும்வரை. சிலருக்கு அடுத்த கோடைவரை."
ஊர்வாய்க்கு அது போதும் என்று
இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் போனதும்
செவிலி டெக்லே தேநீர் கொண்டுவந்தாள்.
"உங்கள் கல்யாணத்துக்கும் அருவதாதானே?
படத்தில் பார்த்தேன். என்ன ஒரு பளிங்கு நெற்றி."

ஆமாம்.
நானும் பின்னினேன், மணிக்கட்டுவரை சாறு வழிய.
அன்று விடிந்ததிலிருந்தே மழை.
தேவாலயத்துக்குக் குடைக்குள் போய்க்
குடைக்குள் திரும்பினோம்.
அடுத்த வாரமும் வானம் வெளுக்கவில்லை.
என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வந்தாள்,
பார்த்தீர்களா, இலை ஒன்றுமே செய்யவில்லை.

அதற்கு முந்தைய மார்ச்சில்
ஒரு பின்வாசலில் நான் நின்றிருந்தேன்.
உள்ளிருந்து வந்தவள்
பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
குனிந்து, கையுறை இல்லாமல்,
பாத்தியின் பனியைத் தள்ளினாள்.
கீழே அப்படி ஒரு பச்சை.