இரண்டாவது பச்சைப் பனியன்

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு.
ஊர்ப் பொதுமண்டபத்தில் வரிசையில் நின்று
மழைச்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில்
என்று பையைக் கொட்டிக் காட்டினோம்,
சுங்கத்தில் பிடிபட்டவர்கள் போல.
"இதை ஊதிப் பார்த்ததுண்டா?" என்றாள் சோதித்த பெண்.
பதினோரு வருடமாகத் தேவைப்படவில்லை என்றேன்.

எங்கள் சங்கத்திலிருந்து நாலே பேர்.
நால்வரும் இறங்கி வந்தால்தான் குழுவுக்குக் கணக்கு.
எம்லின் முன்னே போவான். அவன் குதிகாலை
முதல் வேலிப்படிக்கு அப்பால் நான் பார்த்ததேயில்லை.
மெரெரிட் நர்ஸ், இரவுப் பணி முடித்து அப்படியே வந்திருந்தாள்.
இத்வால் கூரைக்குப் பலகைக்கல் வேய்பவன்;
கூலியில்லாமல் ஏறும் ஒரே நாள் இது என்பான்.
நான் கடைசி.
அதில் வருத்தமில்லை. ஆட்டு மேய்ச்சல் நிலம்,
யாராவது ஒருவர் கேட்டைச் சாத்த வேண்டும்.

அடிவாரத்தில் பெரணியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது.
முதல் மைலிலேயே ஓட்டம் நடையாகி
நடை, தொடையில் கையூன்றித் தள்ளும் வேலையாயிற்று.
கெஞ்சினால் மிஞ்சும் என்பார்கள்.
இந்த மலை மிஞ்சினாலும் மிஞ்சும்.
முன்னால் போகிறவரின் கெண்டைக்கால்,
அதில் வழியும் கறுப்புச் சேறு:
ஒரு மணிநேரம் எனக்கு வாய்த்த இயற்கைக் காட்சி அவ்வளவுதான்.
செம்மறி ஒன்று மென்றபடி பார்த்தது,
எதைத் தின்ன இவ்வளவு அவசரம் என்பதுபோல.

பாதி மலைக்கு மேல் மூடுபனி.
கெண்டைக்காலும் போயிற்று.

உச்சிக் கற்குவியலருகே உறக்கப்பைக்குள் உட்கார்ந்திருந்த மீசைக்காரர்
பென்சிலை நாக்கில் தொட்டு என் எண்ணைக் குறித்தார்.
"பச்சைப் பனியனில் நீங்கள் இரண்டாவது."
இல்லை, நான்காவது.
தாளைத் திருப்பிக் காட்டினார்.
எம்லினுக்குக் கீழே எங்கள் நிறம் இல்லை.

இரண்டாவது!
ஒப்புக்கொள்கிறேன். இருபதடி, முப்பதடி
அந்தச் சொல்லே என்னைச் சுமந்துகொண்டு இறங்கியது.
பட்டியலில் இத்வாலுக்கு மேலே என் பெயர்.
பிறகுதான் கால் நின்றது.
வடக்கு முகட்டில் ஓர் ஆட்டுத்தடம் பிரியும்.
நல்ல பாதை மாதிரியே சிரித்துக்கொண்டு போய்
கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் முடியும்.

விசிலைப் பல்லில் கடித்தேன்.
முதல் ஊதலில் வெறும் எச்சில்.
இரண்டாவதைப் பனி விழுங்கிவிட்டது.
மூன்றாவதுக்கு ஒரு செம்மறி பதில் சொன்னது.
என்னைக் கடந்து ஆறு பேர் இறங்கினார்கள்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்; ஆறு இடங்கள்.
ஏழாவதாக வந்தவள் நின்றாள்.
"அடிபட்டுவிட்டதா?"
எனக்கில்லை என்றேன்.
ஒன்றும் கேட்காமல் தன் விசிலை எடுத்தாள்.
இரண்டு விசில்கள், சுருதி சேராமல்,
எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல்கள் மரத்துப்போயின.

அப்புறம் இடப்பக்கம்,
நான் நினைத்த திசைக்கு நேரெதிரே,
ஒரு கெட்ட வார்த்தை. சுத்தமான வெல்ஷில்.
அத்தனை இனிமையாக யாரும் யாரையும் வைததில்லை.
முதலில் இத்வாலின் மொட்டைத்தலை தெரிந்தது.
பின்னால் இடுப்புவரை சேறாக மெரெரிட்,
ஒரு கால் வெறும் காலுறையில்.
"யார் அந்த நடுவர்?" என்றாள்.

நன்றி சொல்ல நேரமில்லை.
மேலே ஓடிக் கற்குவியலில் எண்ணைக் கத்திவிட்டு
சரிவில் இருவரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்,
ஒற்றைக் காலணியோடு மெரெரிட்கூட.
விசில் ஊதியவளும் போய்விட்டாள்.
அவள் எண்ணைப் பார்க்க மறந்திருந்தேன்.

கடைசிக் கேட்டைச் சாத்தி, கொண்டியை மாட்டினேன்.

மண்டபத்தில் சூப்பின் ஆவி, ஈரக் கம்பளி நாற்றம்.
ஒன்பது குழுக்களில் எங்களுக்கு எட்டாமிடம்.
எம்லின் அதற்குள் உடை மாற்றி, தலை வாரி,
கேக்கின் இரண்டாம் துண்டில் இருந்தான்.
"இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?"
மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
"காட்சி பார்த்தோம்" என்றான் இத்வால்.