பதினோரு பந்துகள்

முப்பத்தைந்து நாள் லீவில்
நான்கு நாள் இதிலேயே போயிற்று:
எந்த மைதானத்தில் ஆடுவது?

லங்காவித் தீவில் மச்சானுக்குப் புல் வேலை.
விடியுமுன் எழுந்து
பதினெட்டுக் குழிக்கும் தண்ணீர் காட்டி,
விருந்தாளிகள் மட்டையால் கொத்திய பள்ளங்களை
மண் தூவி மூடி,
ஒன்றும் நடவாதது போல் ஆக்கிவிட்டு
ஓரமாய் நிற்க வேண்டும்.
வேலைக்காரர்கள் மட்டையால் ஆடக் கூடாது.
துடைக்கலாம்.

ஏழு வருஷம் துடைத்த பிறகு
எவரோ விட்டுப்போன ஒற்றை இரும்பு மட்டை,
குளத்தில் முங்கி எடுத்த பந்து பதினொன்று.
மைலோ டின்னுக்கும் கைலிகளுக்கும் நடுவே
சுற்றிக்கொண்டு வந்தார்
பெரியபட்டினத்துக்கு.

"கடல் இருக்கு, தென்னை இருக்கு,
அங்கே உள்ளதெல்லாம் இங்கேயும் இருக்கு" என்றார்.
புல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

என் தம்பி ஜவ்பர் பைக்கை எடுத்தான்.
கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்தார்கள்:
தரை என்னவோ தரைதான்,
ஆனால் சீமைக்கருவேலம்
மச்சானின் சட்டையைப் பிடித்து
ஊர் நிலவரம் பேசி அனுப்பியது.
வாலிநோக்கத்து உப்பளம்
மட்டம் என்றால் அப்படியொரு மட்டம்.
வெள்ளையில் வெள்ளைப் பந்தை
எந்தக் கண்ணால் தேடுவது?
அதோடு, பாத்தியில் வெந்துகொண்டிருந்த பெண்கள்
இவர் மட்டையைப் பார்த்த பார்வையில்
பைக்கைத் திருப்பிவிட்டான் ஜவ்பர்.

தனுஷ்கோடிக்கு நானும் போனேன்.
அங்கே காற்று
பேசுகிற வார்த்தையையே பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது.
"இங்கே அடித்தால் பந்து எல்லை தாண்டும்,
போட்டைப் பிடிக்கிறவன்
பந்தை மட்டும் விடுவானா?" என்றேன்.
சிரித்தார்.
பஸ்ஸில் திரும்பும்போது
மட்டையை மடியில் போட்டபடி
மண்டபம் வரை பேசவில்லை.

பள்ளிக்கூடத்து மைதானம் கடைசி.
ஹெட்மாஸ்டர் வந்தார்,
மட்டையைப் பார்த்தார்,
ஜன்னல்களை எண்ணினார்.

"பஜ்ரு முடிந்ததும் கடல் வத்தும், வாங்க" என்றேன்.

ஐந்தாம் நாள்.
தண்ணீர் இரண்டு பர்லாங்கு விலகிக் கிடந்தது.
மணல், மணலுக்கப்பால் ஈரமாய்
தாழைப்புல் பச்சையாய்ப் படிந்த திட்டுகள்.
மச்சான் குந்தி உட்கார்ந்தார்.
உள்ளங்கையால் தடவினார்.
"இதை யார் வெட்டுறது?"
"ஆவுளியா மேயும்."
"தண்ணி?"
நான் கடலைக் காட்டினேன்.

பையை அவிழ்த்ததும் விசில் சத்தம்.
வேட்டைத் தடுப்புக் காவலர் கருமலையான்
கைலியை மடித்துக் கட்டி ஓடி வருகிறார்:
"ஆமை முட்டையா? எத்தனை? எங்கே தோண்டினீங்க?"
பதினொன்று என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான் ஜவ்பர்.
காவலர் ஒன்றை எடுத்து
வெயிலுக்கு நேரே பிடித்தார், முகர்ந்தார்,
கடைசியில் பாறையில் போட்டார்.
அது துள்ளி
அவர் நெற்றிக்கே வந்தது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:
"இதை வச்சு என்ன பண்றது?"

மச்சான் காலை அகட்டி நின்றார்.
ஏழு வருஷம் அடுத்தவர் நிற்பதைப் பார்த்த நிற்பு.
முதல் வீச்சில் பந்து அசையவே இல்லை;
ஒரு சாண் புல்லும் சேறும்தான் பறந்தன.
உடனே குனிந்து
கைநிறைய மணல் அள்ளி
அந்தப் பள்ளத்தை மூடப் போனார்.
"விடுங்க மச்சான்" என்றேன்.
"பார்த்துக்கிட ஆள் வரும்."

அள்ளிய மணலை என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

பிறகு அடித்தது
எங்கே விழுந்ததென்று
பாசி எடுக்கப் போன பெண்கள்தான் சொன்னார்கள்.
நானும் ஒன்று அடித்தேன். நண்டு வளைக்குள் போயிற்று.
ஒன்றைக் கருமலையான் மகளுக்கென்று கேட்டு வாங்கி,
நோட்டை எடுத்து
நாக்கில் தொட்ட பேனாவால் எழுதினார்:
முட்டை இல்லை.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது
பந்து ஒன்பது, லீவு முப்பது.
நாளைக்கு ஐம்பது நிமிஷம்
பிந்தி வத்தும்.