ஒரே கொப்பு

வொர்திங்டன், மினசோட்டா. பிப்ரவரி.
கொட்டிலில் தொங்கவிட்ட பருத்திக் கயிற்றை
இருபது நிமிடம் சவைத்துவிட்டு
தங்கள் சங்கதியைப் பன்றிகள்
எச்சிலில் சொல்லி அனுப்பியிருந்தன.

பிழிந்தால் கலங்கல் நீர், சோளமாவு வாடை.
மறுநாள் மாலை திரையில்
நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு வரி.
அறுநூற்று மூன்று எழுத்து நீளம்.

டெவ்ரீஸ் வீட்டு அண்ணன் தம்பி
பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.
பங்காளிச் சண்டை.
இப்போது வேலிக்கு இருபுறமும்
சினைப்பன்றிகள் குட்டி வீசுகின்றன.
காற்றில் வந்தது என்கிறார் லைல்.
அவனிடமிருந்து வந்தது என்கிறார் டுவேன்.

மூன்று வருடக் கிருமிகளைச் சேர்த்துக்
கிளைப்படம் வரைந்தேன்.
இந்த இரண்டும் ஒரே கொப்பின் நுனியில்
ஒட்டிக்கொண்டிருந்தன,
ஓரெழுத்து வித்தியாசத்தில்.
அதே கொப்பில் மூன்றாவதாக ஒன்று,
நாற்பது மைல் தள்ளி,
இருவருமே போயிராத பண்ணை.

மூன்றுக்கும் பொது ஒரு லாரி.
கழுவியிருக்கிறார்கள். காயவைக்கவில்லை.
தரைப்பலகை இடுக்கில் உறைந்த தண்ணீர்
கிருமியைப் பத்திரமாக வைத்திருந்தது.

அறிக்கையில் பண்ணைக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்.
வெள்ளிக்கிழமை லைல் கூப்பிட்டார்.
'பதினேழு என்பது அவன்தானே?'
சொல்ல அனுமதியில்லை என்றேன்.
ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது, அவர் பக்கம்.
பிறகு:
'எத்தனை குட்டி போச்சு, அவனுக்கு?'

அதையும் நான் சொல்லவில்லை.
அவர் போனை வைக்கவுமில்லை.