கூத்தாடிகள்

மூன்று நாள் விடாத மழைக்கு அப்புறம்
வண்டிப்பாளையத்தில்
டார்ச்சும் கரண்டியுமாக நுழைகிறேன்.
"எங்க வீட்ல ஒண்ணும் இல்லம்மா"
என்று சொல்லாத வீடே இல்லை.
சொல்லும்போதே
பிரிட்ஜின் முதுகுத் தட்டில்
கூத்தாடிப் புழுக்கள்.

சுவரில் சாக்கட்டியால் தேதி எழுதுவேன்.
மழை அழித்துவிடும்.
போன வியாழன் நான் வந்ததற்கு
கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணைத் தவிர
சாட்சி இல்லை.

கடைசி வீட்டில் நிதர்சன்
ஊறுகாய் பாட்டிலை நெஞ்சோடு அணைத்திருந்தான்.
"மீன்குஞ்சு. பதினாலு இருக்கு.
பெருசு பேரு பாண்டி."
அவன் அக்கா
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காய்ச்சலில்.
பிளேட்லெட் எத்தனை, எத்தனை என்று
போனில் கத்திக்கொண்டிருந்தாள் அம்மா.

அதை இதோடு முடிச்சுப்போட்டு
அவனிடம் நான் சொல்லவில்லை.
இது மீன் இல்லடா, றெக்கை முளைக்கும் என்றேன்.
"அப்ப பறக்குமா?"
இன்னும் ஆசையாகக் கேட்டான்.

காய்ந்த மண்ணில் கொட்டணும்,
சாக்கடையில் கூடாது:
பயிற்சியில் சொன்னது.
கெடிலம் கரைமேல் ஏறி நிற்கும் ஊரில்
காய்ந்த மண்ணுக்கு எங்கே போக?
சட்டியில் கவிழ்த்தேன்.
குடிக்கக் காய்ச்சிய தண்ணீரை
ஆவி பறக்க ஊற்றினாள் அம்மா.
கூத்து நின்றது.
அவன் அழவில்லை. குனிந்து
பதினாலையும் எண்ணினான்.

மறுநாள்
நகராட்சித் தொட்டியிலிருந்து
இரண்டு கம்பூசியா கொண்டுபோனேன்.
உங்க கிணத்துல விடு,
கூத்தாடியெல்லாம் தின்னுடும் என்றேன்.

"இதாவது மீன்தானே?"
கேட்டுவிட்டுத்தான்
கையை நீட்டினான்.