இடப்பக்கம்

ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி.
கழுத்தில் சங்கிலி போட்டார்கள், பத்துப் போட்டார்கள்.
வீக்கம் வடிந்து போகையில்
இடது காதையும் கையோடு கூட்டிப் போய்விட்டது.

மற்றபடி குறையில்லை.
மருந்துக் கம்பெனி வேலை,
காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை, மறுபடி காரைக்குடி.
மூன்று கை மாறி வந்த கார்.
அதன் ஆம்ப் எதையும் இரண்டாகப் பங்கு போடும்:
வயலின் வலக்கதவில், மிருதங்கம் இடக்கதவில்.
மிருதங்கம் எனக்கு
அடுத்த வீட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி கேட்கும்.
எல்லாருக்கும் அப்படித்தான் போலும் என்றிருந்தேன்.

செக்காலை ரோட்டில் ஜெரால்டு கடை.
போன மழையில் தண்ணீர் ஏறிய பெட்டியை
சீட்டுக்கு அடியிலிருந்து உருவினான்.
உள்ளங்கை அகலம். பச்சைப் பாசி பிடித்த நாலு பின்.
"இதுக்கா இவ்வளவு நாள் பாட்டுன்னு பேரு" என்றான்.

பாட்டரியிலிருந்து விரல் தடிமனில் சிவப்பு வயர்,
வழியில் ஒரு ஃபியூஸ்.
எர்த்துக்காக போல்ட்டடியில் பெயிண்டைச் சுரண்டினான்,
வெள்ளி வெள்ளியாய் இரும்பு தெரியும்வரை.
"பெயிண்ட் மேல முடுக்கினா
ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க பாட்டுக்குள்ள கொசு கத்தும் சார்."

பாலன்ஸ் வைக்க லேப்டாப்போடு உட்கார்ந்தான்.
இடது இப்ப கேட்குதா?
இல்லை.
இப்ப?
இல்லை.
ஒயரை மாற்றினான். ஸ்பீக்கரையே மாற்றினான்.
அரை மணி நேரம் அவன் வேலையைச் சந்தேகப்பட விட்டுவிட்டு
அப்புறம்தான் சொன்னேன்.
இந்த ஊரில் நான் வாய்விட்டுச் சொன்ன
மூன்றாவது ஆள்.

லேப்டாப்பை மூடினான். டீ சொன்னான்.
குடித்து முடித்துத் திறந்தபோது
இரண்டு பங்கையும் ஒன்றாய்க் கலந்து
என் கதவுக்கும் கண்ணாடித் தூணுக்கும் அனுப்பினான்.
மிருதங்கம் வந்து வலப்பக்கம் சம்மணம் போட்டது.
அதற்கு ஒரு தொப்பி உண்டு என்பது,
அது அடித்தொண்டையில் உறுமும் என்பது,
நாற்பத்து நான்கு வயதில் எனக்குச் செய்தி.

பில் எழுதும்போதுதான் கேட்டான்:
"அக்கா எந்தப் பக்கம் உட்காருவாங்க?"

உமையாள் எந்தப் பக்கம் உட்காருவாள்.
கோட்டையூர் கேட்டில், பள்ளத்தூர் வளைவில்
பதினாறு வருஷமாய்
செத்த காதுக்குள் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள்.
நானும் ரோட்டைப் பார்த்தபடியே
ம்ம் கொட்டியிருக்கிறேன்.
எதற்கெல்லாம் ம்ம் என்று
கடவுளுக்கே வெளிச்சம்.

ஆம்பில் ஒரு வாய் காலியாயிருந்தது.
அதில் சட்டைப் பித்தான் அளவு மைக் ஒன்றைக் கோத்து
அவள் பக்கத்து வெயில்தட்டியில் ஒட்டினான்.
முதலில் நரி மாதிரி ஊளையிட்டது.
ஊளையிடும் சுருதியை மட்டும் தேடி நறுக்கினான்.
சுவிட்சை எங்கே வைக்க என்று
என்னைக் கேட்கவில்லை.
அவள் கைக்கு எட்டும்படி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
கல்யாண வீட்டு மைக்கைப் போல
இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள்.
அப்புறம் என் கதவுக்குள்ளிருந்து பேசினாள்:
"பின் டயர்ல காத்து கம்மி.
புதன்கிழமையே சொன்னேன்."

அன்று முழுக்க ஆன்.
எண்ணெய் விலை, தங்கையின் மாப்பிள்ளை,
மொய்க்கவரில் பேர் எழுதினீங்களா,
எதிரே லாரி.
இத்தனை விஷயம் இந்தக் காருக்குள் ஓடியதா என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
"ரோட்டைப் பாருங்க" என்றது கதவு.

போன வெள்ளி இரவு திரும்பிக்கொண்டிருந்தோம்.
பள்ளத்தூர் தாண்டியதும்
சின்னதாய் ஒரு டிக்.
பாட்டுதான் ஓடியது. மிருதங்கம் துல்லியம்.
எதிர் வண்டி வெளிச்சத்தில்
கண்ணாடியில் பார்த்தேன்,
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

முன்பெல்லாம் எனக்குக் கேட்காததற்கு
காதுதான் காரணம்.

வால்யூமைக் குறைத்தேன், எதற்கென்று தெரியாமல்.
ம்ம் கொட்டவில்லை.
கோட்டையூர் வரை
அவள் பேசிக்கொண்டுதான் வந்தாள்.