கீழே ஓடும் வரி

திருப்பூர்க்காரர் யாரோ
அந்தக் காலத்து டியூனர் கார்டில் பதிந்து வைத்திருந்ததை
இத்தனை வருடம் கழித்து ஏற்றியிருக்கிறார்.
நாற்பத்தியொரு பேர் பார்த்திருந்தார்கள்.
நாற்பத்திரண்டாவது நான்,
செம்மண்டலத்தில், இரண்டாம் மாடியில்,
துவைத்த துணி மடிக்காமல் கிடக்கிற கட்டிலில்.

கைக்கடிகாரத்தைத் திருகினால்
ஏழு நொடிக்குக் காலத்தை நிறுத்திவிடுகிற பையன்.
எந்த நாட்டுப் பையனோ,
வாய் ஒன்று சொல்லும், தமிழ் ஒன்று சொல்லும்.
"அசையாதே உலகமே!" என்பான்.
முதுநகர்ச் சந்தில் அப்படியே நிற்போம்
ஷாகிதா, லூர்து, நான்.
மீன் கூடைக்காரர்கள் திட்டிக்கொண்டே
எங்களைச் சுற்றிப் போவார்கள்.

இப்போது பார்த்தால்
காலம் நின்ற அறையில் மின்விசிறி சுற்றுகிறது.
எப்படி விட்டோம் இதை?
ஓரத்தில் ஒரு துணை நடிகர்
கோப்பையை உதட்டருகே பிடித்தபடி
மூச்சை அடக்கி அடக்கி
ஐந்தாம் நொடியில் கண் சிமிட்டிவிடுகிறார்.
தினக்கூலியாக இருக்கும், பாவம்.
வில்லனின் கோட்டைக் கதவு தெர்மோகோல்.
அவன் கேட்பதிலும் பெரிய அநியாயம் ஒன்றுமில்லை:
பையனின் அப்பா தரவேண்டிய
ஆறு மாத வாடகை.
சிரித்துவிட்டேன்.
ஆளில்லாத வீட்டில் சிரிப்பு
கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்கிறது.

அப்புறம்தான் கீழே ஓடும் வரியைப் படித்தேன்.
அன்றைக்கு அது எங்களுக்குப் படத்தில் சேர்த்தியில்லை,
தங்கம் விலை மாதிரி
பெரியவர்கள் சமாச்சாரம்.

கடலூர் அருகே புயல் கரையைக் கடந்தது.
பட்டுப்புடவைக்குக் குக்கர் இலவசம்.
பலி எண்ணிக்கை நான்கு.

ஆக, இது அந்த எபிசோடு.
நாங்கள் பார்க்காத கடைசி.

முந்தின நாள் சாயங்காலம் காற்று கிளம்பினதும்
திரை முழுக்கப் புள்ளி.
கேபிள் அருளப்பன் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கினோம்.
"நாளைக்குக் கடைசிண்ணே, நாளைக்குக் கடைசி."
"மொதல்ல ஒங்க வீட்டு ரெண்டு மாசப் பாக்கியக் குடுக்கச் சொல்லு"
என்றபடியே ரெயின்கோட்டைத் தேடினார்.
ஏணியின் ஒரு முனை அவர் தோளில்,
மறு முனையை நானும் லூர்துவும்
சர்ச் முக்கு வரை தூக்கிப்போனோம்.
"ஓடுங்க வீட்டுக்கு. படம் வரும்."

வந்தது.
ஏதோ பற்பசை விளம்பரம், அவ்வளவு துல்லியமாக,
பல் ஒவ்வொன்றும் எண்ணலாம்.
கைதட்டினோம்.
உடனே ஊர் அணைந்தது.

பத்தொன்பது நாள் கரண்ட் இல்லை.
தென்னையெல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன.
அவர் வீட்டு வாசலுக்குப் பந்தல் போட
பறக்காத சாமியானா ஒன்று கிடைக்கவில்லை என்று
அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.
ஏணியைப் பற்றி எங்களை யாரும் கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.
அதன்பின் சந்தில்
யாரும் அசையாமல் நின்று விளையாடவில்லை.

விளம்பரம் முடிந்து பையன் திரும்பி வந்தான்.
கீழே நான்கு, ஐந்தாகியிருந்தது.

நிறுத்தினேன்.
பின்னால் இழுத்தேன், நான்கு.
விட்டேன், ஐந்து.
முதல் நான்கில் அவர் இருந்தாரா,
இந்த ஒன்றுதான் அவரா,
எண்ணிலேயே வராமல் போனாரா.
வரியில் பெயர் கிடையாது.
வலதிலிருந்து வருகிறது, இடதில் போய்விடுகிறது.
பையனுக்கு ஏழு நொடிதான் அனுமதி.
என் கட்டைவிரலுக்கு ராத்திரி முழுக்க.
எந்த இடத்தில் நிறுத்தினாலும்
அதற்கு முன்பே நாங்கள் ஏணியைத் தூக்கிவிட்டிருக்கிறோம்.

பார்த்து முடிக்கையில் மணி இரண்டு.
கடிகாரம் உடைகிறது, பையன் மலை உச்சியில் நிற்கிறான்,
வில்லன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான்,
"தொடரும்" என்று போடுகிறார்கள்.

லூர்து ஷார்ஜாவில் இருக்கிறான்.
முழித்திருப்பான்.
"டேய், அது கடைசி இல்லையாம்" என்று தட்டினேன்.
அழித்தேன்.
எழுந்து உட்கார்ந்து
துணியை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினேன்.